மாஸ்டர், ரெண்டு ரோஸ்ட்: போர் விமானச் சிமுலேட்டரில் சுருக்கச் சொற்கள் எப்படி இயங்குகின்றன?

கூட்டம் நெரிக்கும் நேரத்தில் ஒரு டிபன் கடையின் சமையற்கட்டு வாசலில் நின்று காதை மட்டும் திறந்து வையுங்கள். "மாஸ்டர், ரெண்டு ரோஸ்ட்." "ஒரு ஊத்தப்பம், வெங்காயம் தூக்கல்." "ஏழுக்கு ஒரு செட் பூரி." "வடை காலி." முழு வாக்கியம் ஒன்றுகூட விழாது. ஏழாம் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மொறுமொறுவென்று இரண்டு தோசை விரும்புகிறார் என்று ஒரு சப்ளையர் விளக்க ஆரம்பித்தால், அவர் முடிப்பதற்குள் கல்லில் கிடப்பது கருகிவிடும். பின்னால் வரிசையில் நிற்கும் மற்ற சப்ளையர்களின் ஆர்டரும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

டிசிஎஸ் வேர்ல்டு, ஃபால்கன் பிஎம்எஸ் போன்ற போர் விமானச் சிமுலேட்டர்களில் நண்பர்களோடு சேர்ந்து பறக்கும்போது காதில் விழுவதும் இதே மாதிரிதான். "ஃபாக்ஸ் த்ரீ." "ஸ்பைக்ட்." "நோ ஜாய்." "பிங்கோ." புதிதாக வருபவர்கள் இதைக் கேட்டு ஒன்று பயந்து வாயே திறக்க மாட்டார்கள், அல்லது சினிமாவில் கேட்டதையெல்லாம் கொட்டுவார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இந்தச் சொற்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. அதனால் அந்தச் சமையற்கட்டை மனதில் வைத்துக்கொண்டே, படிப்படியாக உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் வானொலி. சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு ஜன்னல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தலைதான் அதற்குள் நுழையும். விமான வானொலியும் அப்படித்தான். ஒரு அலைவரிசையில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர்கள் கேட்க மட்டுமே முடியும். தொலைபேசி மாதிரி இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ள முடியாது. இருவர் ஒரே நொடியில் அழுத்தினால் இரண்டு குரலும் மோதி, ஒரு கிறீச்சொலிதான் மிஞ்சும். டிசிஎஸ்-க்காகப் பலரும் பயன்படுத்தும் சிம்பிள் ரேடியோ ஸ்டாண்டலோன் என்ற இலவச மென்பொருள், இந்த ஒரே ஜன்னல் நிலைமையைக் கணினிக்குள் கொண்டுவருகிறது. எந்த அலைவரிசையை வைத்திருக்கிறீர்களோ அதில் இருப்பவர்களின் குரல் மட்டுமே கேட்கும். தூரமும் குறுக்கே நிற்கும் மலையும் குரலைத் தடுக்கும்படிகூட அதில் அமைத்துக்கொள்ளலாம்.

ஆகவே நீங்கள் பேசும் ஒவ்வொரு நொடியும் இன்னொருவரின் வாயை அடைக்கும் நொடி. கூடவே பறக்கும் தோழரான உங்கள் விங்மேன்மேல் ஏவுகணை வந்துகொண்டிருக்கும்போது நீங்கள் மலையின் அழகை வர்ணித்துக்கொண்டிருந்தால், அவரால் கத்தக்கூட முடியாது. சுருக்கச் சொற்கள் பிறந்தது இந்த நெருக்கடியில்தான். 1940-இல் பிரிட்டன் வானில் நடந்த போரின்போதே உயரத்துக்கு 'ஏஞ்சல்ஸ்', தரையிறங்குவதற்கு 'பான்கேக்' என்று அந்நாட்டு விமானப்படை சொல்லிக்கொண்டிருந்தது. இன்று நேட்டோவுக்கு ஏபிபி-7 என்றொரு சொல்லேடு இருக்கிறது. அமெரிக்கப் படைகளும் சேர்ந்து தங்களுக்கென ஒன்று வைத்திருக்கின்றன. அவை அவ்வப்போது திருத்தப்படும்; சொற்களின் பொருளும் மாறும். முன்பு 'ஃபாக்ஸ் த்ரீ' என்றால் விமானத்தின் பீரங்கியால் சுடுவது. இன்று அது வேறு. அதனால் உங்கள் குழு எந்தப் பதிப்பை வைத்துக்கொள்கிறது என்பதைப் பறக்கும் முன்பே பேசி முடிவுசெய்துவிடுங்கள். ஒரே கடையில் இரண்டு மெனு கார்டு இருக்கக் கூடாது.

அடுத்து, யாரிடம் யார் பேசுவது. சப்ளையர் "மாஸ்டர்" என்று முதலில் கூப்பிடுகிறார் பாருங்கள், அதற்கு வேலை உண்டு. தோசை மாஸ்டர், சரக்கு மாஸ்டர், டீ போடுபவர் என்று உள்ளே பலர். யாருடைய காது திரும்ப வேண்டுமோ அவரை முதலில் அழைக்க வேண்டும். பிறகு எந்த மேசை, அதன் பிறகு என்ன பண்டம். வானொலியிலும் வரிசை இதுதான்: முதலில் கேட்க வேண்டியவரின் அழைப்புப் பெயர், பிறகு உங்கள் பெயர், பிறகு செய்தி. நீங்கள் என்ஃபீல்டு ஒன் ஒன், வான்காவல் விமானம் மேஜிக் என்றால், "மேஜிக், என்ஃபீல்டு ஒன் ஒன்" என்று தொடங்குகிறீர்கள். மேஜிக்கை இயக்குபவர் வேறு நாலு பேருடைய புள்ளிகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். தன் பெயர் விழுந்ததும் நிமிர்கிறார். உங்கள் பெயர் விழுந்ததும் கண் உங்கள் புள்ளிக்குப் போகிறது. செய்தி வரும்போது அவர் தயாராக இருக்கிறார். பெயர் சொல்லாமல் "எனக்குப் பின்னால் ஒருத்தன் இருக்கிறான்" என்று கத்தினால், கேட்ட எல்லோரும் தங்கள் முதுகைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பொத்தானை அழுத்தும் முன் வாக்கியம் மனதில் முடிந்திருக்க வேண்டும். அழுத்திவிட்டு "அது வந்து..." என்று இழுப்பது ஜன்னலில் தலையை விட்டுக்கொண்டு யோசிப்பது. அழுத்தி ஒரு கணம் பொறுத்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். பெரும்பாலும் அந்த முதல் சொல்தான் பெயர்.

இன்னொரு வரிசையும் இருக்கிறது. ஆபத்து என்றால் செய்ய வேண்டியது முதலில், காரணம் பின்னால். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர் "விலகு! எண்ணெய்!" என்பார். எண்ணெய் எப்படிக் கொதித்தது என்பதை யாரும் அப்போது கேட்பதில்லை. அதே மாதிரி, விங்மேனிடம் "என்ஃபீல்டு ஒன் டூ, பிரேக் லெஃப்ட், ஏவுகணை, இடப்பக்கம்" என்று சொன்னால், 'லெஃப்ட்' என்ற சொல் காதில் விழும்போதே அவர் கை குச்சியை இழுத்துவிடும். காரணத்தை முதலில் சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு நொடி அவருக்கு இல்லை.

பதில் சொல்வதிலும் ஒழுங்கு உண்டு. 'ராஜர்' என்றால் கேட்டுவிட்டது, அவ்வளவுதான். ஆமாம் என்றோ, செய்கிறேன் என்றோ அதற்குப் பொருளில்லை. 'வில்கோ' என்றால் புரிந்தது, செய்கிறேன். 'அஃபர்ம்' என்றால் ஆமாம். சரியாகக் கேட்காவிட்டால் 'ஸே அகெய்ன்'. 'ஓவர் அண்ட் அவுட்' என்று சினிமாவில் வருவதை விட்டுவிடுங்கள். ஓவர் என்றால் உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன், அவுட் என்றால் பேச்சு முடிந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது.

இப்போது மேலே ஏறுவோம். டிசிஎஸ்-இல் இலவசமாகவே கிடைக்கும் காக்கசஸ் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியாவின் குட்டைசி தளத்திலிருந்து இரண்டு எஃப்/ஏ-18 ஹார்னெட்கள் கிளம்பி, செனாக்கிக்கு மேலே வந்துவிட்டன. அந்த விமானத்தில் இரண்டு வானொலிகள் உண்டு. ஒன்றை வான்காவல் விமானத்தோடு பேச வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை உங்கள் இருவருக்குள் பேச. குடும்பப் பேச்சைப் பொது ஜன்னலில் பேசக் கூடாது. எதிரிப் பகுதிக்குள் நுழையும் முன், இருவரில் தலைமை தாங்கும் லீட் "ஃபென்ஸ் இன்" என்பார். ஆயுத விசை, விளக்கு, தற்காப்புக் கருவி எல்லாவற்றையும் போருக்கேற்றபடி மாற்றிக்கொள் என்று பொருள்.

வான்காவல் விமானம் என்றேனே, அதுதான் அவாக்ஸ். முதுகில் பெரிய ரேடார் தட்டைச் சுமந்துகொண்டு தூரத்தில் வட்டமடிக்கும் ஈ-3 சென்ட்ரி, ஈ-2 ஹாக்ஐ போன்றவை. கடையில் கூடத்தையும் சமையற்கட்டையும் ஒருசேரப் பார்க்கும்படி வாசலில் நிற்கிறாரே சூப்பர்வைசர், அவர் இடம் இது. உள்ளே கல்லின் முன் நிற்பவருக்கு எந்த மேசை நிறைந்தது என்று தெரியாது. அவர் சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும். "மேஜிக், என்ஃபீல்டு ஒன் ஒன், போகி டோப்." எனக்குப் பக்கத்தில் இருப்பவன் எங்கே என்று சொல். அதற்குப் பதில் இப்படி வரும்: "என்ஃபீல்டு ஒன் ஒன், மேஜிக், பி.ஆர்.ஏ.ஏ. 315, 40, 22 தவுசண்ட், ஹாட்."

இதைப் பிரித்துப் பார்ப்போம். 315 என்பது உங்கள் மூக்கிலிருந்து கணக்கிடும் கோணம் அல்ல. காம்பஸில் உள்ள திசை, அதாவது வடமேற்கு. 40 என்பது தூரம், கடல் மைலில். 22 தவுசண்ட் என்பது உயரம், அடியில். ஹாட் என்றால் அவன் மூக்கு உங்களை நோக்கி இருக்கிறது. வால் காட்டிப் போனால் 'கோல்டு' அல்லது 'டிராக்', குறுக்கே போனால் 'பீம்', சாய்வாக வந்தால் 'ஃபிளாங்க்'. பி.ஆர்.ஏ.ஏ. என்பது இந்த வரிசையின் பெயர்தான்: திசை, தூரம், உயரம், முகம். இது மாறாது. மாறாததால்தான் "தூரம்", "உயரம்" என்ற சொற்களையே சொல்லாமல் வெறும் எண்களைச் சொல்ல முடிகிறது. குழுவில் யாராவது சுகோய்-27 ஓட்டினால் கவனம் வேண்டும். அவருடைய கருவிகள் மீட்டரிலும் கிலோமீட்டரிலும் காட்டும். 22,000 அடி அவருக்குச் சுமார் 6,700 மீட்டர், 40 கடல் மைல் சுமார் 74 கிலோமீட்டர். எந்த அளவில் பேசுவது என்பதையும் தரையிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இதில் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மேஜிக் சொன்ன 315, 40 என்பது என்ஃபீல்டு ஒன் ஒன் இருக்கும் இடத்திலிருந்து அளந்தது. அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவர், வேறு மூலையில் பறப்பவர், அந்த எண்ணை வைத்துக்கொண்டு வடமேற்கே தேடினால் வெறும் வானத்தைத்தான் பார்ப்பார். சமையற்கட்டில் ஒருவரிடம் "உப்பு உன் வலது கைப் பக்கம்" என்றால் அது அவருக்கு மட்டும் உதவும். எல்லோருக்கும் சொல்ல வேண்டுமென்றால் "சாமி படத்துக்கு வலப்பக்க அலமாரி" என்க வேண்டும். சாமி படம் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தானே இருக்கிறது! அந்தப் படத்தின் வேலையைச் செய்வதுதான் 'புல்ஸ்ஐ'. பணி தொடங்கும் முன் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறித்துவிடுவார்கள். சுகுமி விமானத்தளத்தைப் புல்ஸ்ஐ என்று வைத்தால், மேலே சொன்ன அதே எதிரி "புல்ஸ்ஐ 130, 15" ஆகிறான்: சுகுமியிலிருந்து தென்கிழக்கே 15 கடல் மைல். இது யார் காதில் விழுந்தாலும் சரியாக இருக்கும். ஆகவே ஒருவருக்கு மட்டும் சொல்லும்போது பி.ஆர்.ஏ.ஏ., பலருக்குச் சொல்லும்போது புல்ஸ்ஐ. எண்ணுக்கு முன்னால் எது என்று சொல்ல மறந்தால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

திசை தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி: அங்கே இருப்பது யார்? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். மற்ற சொற்களில் பிழை வந்தால் குழப்பம் வரும். இதில் பிழை வந்தால் நம் ஆளே விழுவார்.

சமையற்கட்டு அலமாரியில் பெயர் ஒட்டாத ஒரு டப்பா. உள்ளே வெள்ளைப் பொடி. உப்பாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், ஆப்பச் சோடாவாக இருக்கலாம். இந்த நிலைக்குப் பெயர் 'போகி': யார் என்று தெரியாத விமானம். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து உப்பு என்று உறுதியாகிவிட்டது. இப்போது அது 'பேண்டிட்': எதிரி என்று உறுதியான விமானம். ஆனால் உப்பு என்று தெரிந்ததாலேயே சாம்பாரில் போட்டுவிடலாமா? சரக்கு மாஸ்டர் ஏற்கெனவே போட்டிருக்கலாம். அவர் "போடு" என்று சொன்ன பிறகுதான் அது 'ஹாஸ்டைல்': எதிரி, சுடுவதற்கு அனுமதியும் உண்டு. போகியும் பேண்டிட்டும் ஒன்றல்ல, பேண்டிட்டும் ஹாஸ்டைலும் ஒன்றல்ல. நம்மவர் என்றால் 'ஃபிரெண்ட்லி'. அடையாளம் கேட்க "டிக்ளேர்" என்று சொல்லி இடத்தைச் சொல்ல வேண்டும்: "மேஜிக், என்ஃபீல்டு ஒன் ஒன், டிக்ளேர், புல்ஸ்ஐ 130, 15, 22 தவுசண்ட்." பதில் இந்த நான்கில் ஒன்றாக வந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்கலாம்.

இதற்கு இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் 14 ஏப்ரல் 1994 அன்று வடக்கு ஈராக்கில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். பறக்கத் தடை விதிக்கப்பட்ட பகுதியைக் காவல் காத்துக்கொண்டிருந்த இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள், கீழே போன இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களை ஈராக்கின் மி-24 ஹெலிகாப்டர்கள் என்று கண்ணால் பார்த்துத் தவறாக முடிவு செய்தன. அடையாளக் கருவியிலும் சரியான பதில் வரவில்லை. மேலே அவாக்ஸ் விமானம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இவை நம்முடையவை என்று யாரும் குறுக்கிட்டுச் சொல்லவில்லை. இரண்டும் அமெரிக்க ராணுவத்தின் சொந்த ஹெலிகாப்டர்கள். அவற்றில் இருந்த 26 பேரும் இறந்தார்கள். பல தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட விபத்து அது. அந்த அடுக்கில் ஒன்று, 'கேட்டுவிட்டது' என்பதற்கும் 'உறுதி செய்கிறேன்' என்பதற்கும் நடுவே இருந்த இடைவெளி. சிமுலேட்டரில் யாரும் சாவதில்லை. ஆனால் வேலை முடித்து வந்து, ஒரு மணிநேரம் திட்டமிட்டு, அரைமணி நேரம் பறந்து வந்த நண்பரை நீங்கள் சுட்டு வீழ்த்தினால் அவருடைய மாலை போய்விடும். அதையும் மதிக்க வேண்டும்.

சரி, பதில் 'ஹாஸ்டைல்' என்று வந்துவிட்டது. சுடப்போகிறீர்கள். இப்போது ஃபாக்ஸ் சொற்கள். சுட்டுவிட்டேன் என்று பெருமையோடு அறிவிப்பதற்காக இவை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இவை, அடுத்த சில நொடிகளுக்கு நான் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறேன் என்று தோழருக்குச் சொல்பவை. அடுப்பில் என்ன ஏற்றியிருக்கிறேன் என்று மாஸ்டர் சொன்னால், அவர் கை எப்போது காலியாகும் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் அல்லவா, அது போல.

'ஃபாக்ஸ் ஒன்' என்பது அல்வா கிண்டுவது. ஸ்பேரோ, ரஷ்யாவின் ஆர்-27ஆர் போன்ற ஏவுகணைகள் தாமாக இலக்கைத் தேடுவதில்லை. ஏவிய விமானத்தின் ரேடார் இலக்கின்மேல் கடைசிவரை வெளிச்சம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த எதிரொளியைப் பிடித்துத்தான் ஏவுகணை போகும். கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். திரும்பினால் ஏவுகணை வீண். ஆகவே "ஃபாக்ஸ் ஒன்" என்று ஒருவர் சொன்னதும் விங்மேன் புரிந்துகொள்கிறார்: இவரால் இப்போது தலையைத் திருப்ப முடியாது, இவருடைய முதுகை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'ஃபாக்ஸ் த்ரீ' என்பது இட்லிப் பானை. ஆம்ராம், பீனிக்ஸ், ரஷ்யாவின் ஆர்-77 ஆகியவற்றின் மூக்கில் சொந்தமாக ஒரு சிறு ரேடார் உண்டு. ஆனால் அதன் பார்வை தூரம் குறைவு. அதனால் தட்டை வைத்ததும் ஓடிவிட முடியாது. ஆவி கிளம்பும்வரை தீயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதாவது ஏவிய பிறகும் உங்கள் ரேடார் இலக்கைப் பிடித்துக்கொண்டு, ஏவுகணைக்கு வழி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அது நெருங்கித் தன் ரேடாரை எரியவிடும் கணத்தில்தான் "பிட்புல்". ஆவி வந்துவிட்டது, இனி நான் நகரலாம். பலர் ஏவிய உடனேயே வாலைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டு, ஏன் படவில்லை என்று வருந்துகிறார்கள். 'ஃபாக்ஸ் த்ரீ'க்கும் 'பிட்புல்'லுக்கும் நடுவே உள்ள நேரத்தை அவர்கள் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் செய்யும் வேலைக்குத்தான் 'கிராங்க்' என்று பெயர்: ரேடாரின் பார்வை விளிம்பில் எதிரியை வைத்துக்கொண்டே பக்கவாட்டில் சாய்ந்து பறப்பது. பிடியும் விடாது, எதிரியை நோக்கி நேராகவும் போக மாட்டீர்கள்.

'ஃபாக்ஸ் டூ' வெப்பத்தைத் தேடிப் போகும் ஏவுகணை: சைட்விண்டர், ஆர்-73. அது கிளம்பியதும் உங்கள் கை காலி. பீரங்கி என்றால் "கன்ஸ், கன்ஸ், கன்ஸ்". தரையை நோக்கி மேவரிக் ஏவினால் "ரைஃபிள்", எதிரி ரேடாரைத் தேடிப் போகும் ஹார்ம் ஏவினால் "மேக்னம்". நாட்டைப் பொறுத்து எண் மாறாது. வழிகாட்டும் முறையைப் பொறுத்துத்தான் மாறும். வெறுமனே "ஃபாக்ஸ் த்ரீ" என்று நிறுத்தாமல் எந்த எதிரிக் குழுவின்மேல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "என்ஃபீல்டு ஒன் ஒன், ஃபாக்ஸ் த்ரீ, வடக்குக் குழு." இல்லாவிட்டால் இருவரும் ஒரே இலக்கின்மேல் ஏவிவிடுவீர்கள்; மற்ற எதிரி சும்மா விடப்படுவான். விழுந்ததைக் கண்ட பிறகுதான் "ஸ்பிளாஷ்". ஏவுகணை போய்ச் சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் சொல்லக் கூடாது. 'ஸ்பிளாஷ்' என்று கேட்டதும் தோழர் அந்த எதிரியைத் தன் கணக்கிலிருந்து அழித்துவிடுவார்; அவன் உயிரோடு இருந்தால் அடுத்தது தோழர்தான்.

இனி எதிர்த்திசை: நம்மை எவனோ பார்க்கிறான். விமானத்தில் இருக்கும் ரேடார் எச்சரிக்கைக் கருவி, நம்மேல் விழும் ரேடார் அலைகளைப் பிடித்துச் சத்தம் போடும். எதிரி விமானத்தின் ரேடார் பொதுவாகத் தேடிக்கொண்டிருந்தால் "நெய்ல்ஸ்". நம்மைப் பிடித்துப் பூட்டிவிட்டால் "ஸ்பைக்ட்". தரையில் இருக்கும் ஏவுகணை அமைப்பின் ரேடார் என்றால் "மட்". அங்கிருந்து ஏவுகணை கிளம்பியதாகக் கருவி காட்டினால் "சிங்கர்". கருவி அமைதியானால் "நேக்கட்". ஒவ்வொன்றுக்கும் திசை சேர்க்க வேண்டும்: "ஒன் டூ, ஸ்பைக்ட், 310." பூட்டியது நம் தோழரே என்று தோன்றினால் "பட்டி ஸ்பைக்" என்று சொல்லி உங்கள் இடத்தையும் உயரத்தையும் சொல்லுங்கள், பூட்டியவர் உடனே விட்டுவிடுவார். தப்பிக்கத் திரும்பும்போது "ஒன் டூ, டிஃபெண்டிங், வடக்கே" என்றால் போதும். அப்படிச் சொன்னவரிடம் அடுத்த சில நொடிகள் யாரும் கேள்வி கேட்க வேண்டாம். அவர் கையில் வேலை இருக்கிறது.

கண்ணால் பார்ப்பதற்கு நான்கு சொற்கள். எதிரியைப் பார்த்துவிட்டால் "டாலி", பார்க்கவில்லை என்றால் "நோ ஜாய்". நம்மவரைப் பார்த்துவிட்டால் "விஷுவல்", பார்க்கவில்லை என்றால் "பிளைண்ட்". இந்த நான்கையும் கலக்கவே கூடாது. எதிரியைப் பார்த்துவிட்டு "விஷுவல்" என்று சொன்னால், நீங்கள் தன்னைப் பார்த்துவிட்டீர்கள் என்று லீட் நினைத்துக்கொண்டு உங்கள் பக்கமாகவே திரும்பக்கூடும். 'கான்டாக்ட்' என்பதும் வேறு: ரேடாரில் தெரிகிறது, அல்லது நீ சொன்ன அந்தப் பாலம், அந்தச் சாலைச் சந்திப்பு எனக்குத் தெரிகிறது என்று பொருள். இலக்கே தெரிந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

எரிபொருள் கணக்கு கேஸ் சிலிண்டர் கணக்கு. தீ சிறுத்ததும் ஒரு நல்ல மாஸ்டர், கையில் இருக்கும் ஆர்டரை முடி, புதிது எடுக்காதே என்பார். அது 'ஜோக்கர்'. அதற்கும் கீழே இறங்கிவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்: 'பிங்கோ', தளத்துக்குத் திரும்பத் தேவையான அளவு மட்டுமே மிச்சம். ஹார்னெட்டில் பிங்கோ எண்ணை நீங்களே கருவியில் வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு வந்ததும் விமானமே குரல் கொடுக்கும். சொல்லிவிட்டுத் தொடர்ந்து சண்டை போட்டால், அடுத்த முறை நீங்கள் 'பிங்கோ' என்னும்போது லீட் நம்ப மாட்டார். ஆயுதம் எல்லாம் தீர்ந்தால் "வின்செஸ்டர்". வடை காலி.

இதுவரை சொன்னது நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்கள். அதிகாரபூர்வமான ஏடுகளில் இன்னும் நூற்றுக்கணக்கில் உண்டு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஒரு சொல்லின் பொருள் சரியாகத் தெரியவில்லை என்றால் வெறும் பேச்சு மொழியில் சொல்லுங்கள். "எனக்கு இடப்பக்கம் கீழே ஒரு விமானம், யாரென்று தெரியவில்லை" என்பது 'போகி'யைவிட நீளம்தான், ஆனால் தவறான 'பேண்டிட்'டைவிட ஆயிரம் மடங்கு மேல். உங்கள் குழு தமிழில் பேசிப் பறந்தாலும் இதேதான். இடைப்பேச்சு தமிழில் இருக்கட்டும், இந்தச் சொற்கள் மட்டும் அப்படியே இருக்கட்டும். கேட்பவர் மறுகேள்வி இல்லாமல் அடுத்த வேலையைச் செய்கிறாரா என்பதுதான் அளவுகோல். அவர் "என்ன? யாரு? எங்கே?" என்று கேட்டால், நீங்கள் பயன்படுத்திய சொல் எவ்வளவு அசலாக இருந்தாலும் அது சுருக்கமாகவில்லை.

பழக ஒரு வரிசை சொல்கிறேன். முதல் சில நாட்கள் பெயர் அழைக்கும் ஒழுங்கையும் 'டாலி', 'விஷுவல்' நான்கையும் மட்டும் வைத்துக்கொண்டு பறங்கள். பிறகு பி.ஆர்.ஏ.ஏ., புல்ஸ்ஐ. அவை நாக்கில் உட்கார்ந்த பிறகு ஃபாக்ஸ் வரிசை, அதன் பிறகு எச்சரிக்கைச் சொற்கள். தனியாகப் பறக்கும்போதும் கணினி இயக்கும் அவாக்ஸிடம் 'போகி டோப்' கேட்டு, வரும் எண்களைக் காதால் வாங்கி, வரைபடத்தைப் பார்க்காமல் மூக்கைத் திருப்பிப் பாருங்கள். பிறகு டாக்வியூ என்ற மென்பொருளில் அந்தப் பறப்பின் பதிவை ஓடவிட்டு, குரல் பதிவையும் கூடவே போட்டுக் கேளுங்கள். 'ஸ்பிளாஷ்' என்று குரல் வந்த நொடியில் திரையில் எதிரி இன்னும் பறந்துகொண்டிருந்தானா, 'ஸ்பைக்ட்' என்றதற்கும் திசை சொன்னதற்கும் நடுவே எத்தனை நொடி போனது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்திய இடம் எது, எல்லாம் அங்கே தெரிந்துவிடும். அடுத்த பறப்புக்கு முன் அந்த இடங்களை மட்டும் உங்கள் விங்மேனோடு உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள்.